முள்ளம்பன்றியின் புகாரும் மரநாயின் கோட்டையும்

ஒரு காட்டில் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. அதனால் அங்கே வசித்த விலங்குகள் ஒன்றையொன்று துரத்தித் தின்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. கருணையால் அல்ல, நேரம் கிடைக்கவில்லை.

எல்லோரும் போனில் 'கரட்டுக்கோட்டை' ஆடிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு போர் விளையாட்டு. கரடு என்கிற மொட்டைக் குன்றின் உச்சியில் ஒரு கோட்டை. அதைச் சுற்றி மதில், மேற்குப் பக்கம் மட்டும் ஆழமான அகழி. கோட்டையை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் தாக்கலாம். பிடித்தவருடைய பெயர் கொடியில் பறக்கும். அடுத்தவர் வந்து பறிக்கும்வரை பறந்துகொண்டே இருக்கும். அவ்வளவுதான் ஆட்டம். கொடியைத் தின்னவும் முடியாது, விரித்துப் படுக்கவும் முடியாது. இருந்தும் ஆரம்ப காலத்தில் இந்தக் கொடிக்காகக் கரடியும் காட்டெருமையும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளாமல் இருந்தன.

அது அந்தக் காலம். அப்போது குட்டியாக இருந்தவர்களுக்கு இப்போது பேரன் பேத்தி பிறந்துவிட்டது. ஆட்டம் பழசாகிவிட்டது, ஆடுகிறவர்களும் அலுத்துவிட்டார்கள். ஆனால் யாரும் ஆட்டத்தை விடவில்லை. இத்தனை வருடம் ஆடியதை எப்படி விடுவது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவர்களிடம் இல்லை.

கட்டைவிரல் வலிக்கிறது என்று எல்லோரும் சொன்னதால், ஆட்டத்தை நடத்திய கம்பெனி ஒரு பொத்தானைக் கொடுத்தது. அதற்கு 'ஆட்டோ' என்று பெயர். அதை அமுக்கிவிட்டால் படை தானாகக் கிளம்பிப் போய்ச் சண்டை போடும், கேட்கிற கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும். சொந்தக்காரர் தூங்கலாம். காலையில் எழுந்தால் வாசலில் பரிசு மூட்டை இருக்கும். ஒரு தொப்பி, ஒரு வாளுறை, அதிர்ஷ்டம் இருந்தால் குதிரைக்குப் புது வால். ஜெயித்தாலும் மூட்டை வரும், தோற்றாலும் வரும்.

அந்தப் பொத்தானை ஒருபோதும் அமுக்காதவள் பாவாயி என்ற முள்ளம்பன்றி.

பாவாயிக்கு நியாயம் என்றால் உயிர். கிழங்கைப் பங்கு போட்டால் தன் பங்கு பெரியதாக இருக்கிறது என்றுகூடச் சண்டை பிடிப்பாள். ஓடையில் தண்ணீர் குடிக்க நிற்கிற வரிசையில் யாராவது நடுவில் புகுந்தால் அவள் முள் தானாகச் சிலிர்த்துக்கொள்ளும். ஒருமுறை சிறுத்தை புகுந்துவிட்டது. "பின்னால போங்க" என்றாள். சிறுத்தை அவள் முதுகைப் பார்த்தது, தன் பாதத்தைப் பார்த்தது, பின்னால் போனது.

அப்படிப்பட்டவள் ஆடுகிற ஆட்டத்தில், கோட்டைக்கொடியில் பல வருடமாக ஒரே பெயர்தான் பறந்தது. அர்த்தநாரி. அவர் ஒரு மரநாய். காட்டின் கடைசியில் ஓர் இலுப்பை மரப் பொந்தில் குடியிருந்தார். யாரோடும் அதிகம் பழகுவதில்லை.

பாவாயி விடியலில் ஏணி வைத்துப் பார்த்தாள். மதில் மேல் அர்த்தநாரியின் வீரர்கள் எண்ணெய்க் கொப்பரையோடு நின்றார்கள். உச்சி வெயிலில் வைத்துப் பார்த்தாள். நின்றார்கள். இடி இடித்து மழை கொட்டி, காடே பொந்துக்குள் சுருண்டிருந்த ஒரு நாளில் வைத்துப் பார்த்தாள். அன்றைக்கும் கொப்பரை சூடாகத்தான் இருந்தது.

"உசுரோட இருக்கற சீவன் இப்படி முழிச்சிருக்க முடியாது" என்று பாவாயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இது கள்ள மெசின்."

கள்ள மெசின் என்று ஒன்று உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பெனி கொடுத்த ஆட்டோ மந்தமாக ஆடும், அதற்கு அனுமதி இருக்கிறது. வெளியாட்கள் செய்து விற்கிற மெசின் கெட்டிக்காரத்தனமாக ஆடும், அதற்குத் தடை. கெட்டிக்காரத்தனம் கூடாது என்பது சட்டம்.

அருவிக்குப் பக்கத்தில் கம்பெனியின் புகார் அலுவலகம் இருந்தது. அங்கே வஞ்சிக்கொடி என்ற கிளி வேலை பார்த்தாள். பாவாயி டோக்கன் வாங்கி, அணிலுக்கும் உடும்புக்கும் பின்னால் நின்று, தன் முறை வந்ததும் சாளரத்துக்கு முன்னால் போனாள்.

"வணக்கம். உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்றாள் வஞ்சிக்கொடி.

"இன்னும் நான் ஒண்ணுமே சொல்லலியே அம்மிணி."

"அதுவும் எங்களுக்கு மிகவும் முக்கியம்."

பாவாயி எல்லாவற்றையும் சொன்னாள். கிளி கேட்டுக்கொண்டு ஒரு தாளை நீட்டினாள். பாவாயி எழுதிக் கொடுத்தாள். ஆட்டக்காரர்களில் பாதிப்பேருக்கு மேல் ஆதரவு இருந்தால்தான் விசாரணை நடக்கும் என்றும், நாளை மறுநாள் எல்லோருடைய போனுக்கும் 'மரநாய் அர்த்தநாரியை விசாரிக்கலாமா?' என்று கேள்வி வரும் என்றும் வஞ்சிக்கொடி சொன்னாள். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லி முடித்தாள்.

பாவாயிக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கே ஆதரவு கேட்கக் கிளம்பிவிட்டாள்.

முதலில் ஆமை சென்னியப்பனிடம் போனாள். ஆட்டம் தொடங்கிய முதல் நாளிலிருந்து ஆடுகிறவர். ஒரு காலத்தில் அவர் படை வருகிறது என்றால் மதிலே நடுங்கும் என்பார்கள். அவர் குளத்தங்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். போன் பக்கத்தில் கிடந்தது. அதில் அவருடைய வீரர்கள் மேற்குப் பக்கமாக வரிசையாக நடந்து போய், ஒவ்வொருவராக அகழிக்குள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணா, உங்க படை அகழிக்குள்ள விழுந்துட்டிருக்குது" என்றாள் பாவாயி.

சென்னியப்பன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "ஆமா அம்மிணி. அதுதான் கிட்டத்து வழி. ஆட்டோவுக்குக் கிட்டத்து வழிதான் தெரியும்."

"திருப்பி வுட வேண்டாமுங்களா?"

"எதுக்கு? விழுந்து விழுந்து அதுகளுக்கும் பழகிப்போச்சு."

பாவாயி புகாரைப் பற்றிச் சொன்னாள். அர்த்தநாரி ஏமாற்றுகிறார், நாம் எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான் நியாயம் கிடைக்கும் என்றாள். சென்னியப்பன் கவனமாகக் கேட்பதுபோலத் தெரிந்தது. அவள் பேசி முடித்த பிறகுதான் தூங்கிவிட்டார் என்று புரிந்தது. தட்டி எழுப்பினாள்.

"யாரு ஜெயிச்சா என்ன அம்மிணி, எனக்குத் தொப்பி வருதல்லோ" என்றார் கொட்டாவி விட்டுக்கொண்டே.

"அந்தத் தொப்பியத்தான் நீங்க போடறதே இல்லியே."

"தலைய உள்ள இழுத்தா இடிக்குது. ஆனா வரோணும். வரலீன்னா மனசு ஒரு மாதிரி இருக்கும்."

அடுத்து மந்தியிடம் போனாள். மந்தி கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் படையும் அகழியில்தான் விழுந்துகொண்டிருந்தது.

"அவரு போயிட்டா அப்பறம் நான் யாரைத் திட்டறதுங்க்கா?" என்று கொட்டாவியோடு கேட்டது மந்தி.

"நீ அவரைத் திட்டறியா?"

"இல்லீங்க. திட்டோணும் திட்டோணும்னு நெனச்சுட்டே இருக்கறேன்."

ஆண்மயில் ஒன்று, தான் சண்டைக்காக வருவதே இல்லை, அங்கே விற்கிற அங்கவஸ்திரங்களைப் பார்க்க வருவதாகச் சொன்னது. கரடி தேனடை தேடிப் போய்விட்டது. காட்டெருமை, "கரட்டுக்கோட்டையா? அது இன்னும் நடக்குதா?" என்று கேட்டது. அதன் படையும் அன்று காலையில் அகழியில் விழுந்ததைப் பாவாயி தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்கு அழுகை வந்தது. யாராவது முடியாது என்று சொல்லியிருந்தால் வாதாடியிருப்பாள். அவளுக்கு வாதாட நன்றாக வரும். ஆனால் கொட்டாவியோடு எப்படி வாதாடுவது என்று தெரியவில்லை. தான் ஒருத்திதான் ஆடுகிறோமோ என்று முதல்முறையாகத் தோன்றியது. அந்த நினைப்பை உதறிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஆனால் குறித்த நாளில் கேள்வி வந்தபோது, காடே அவள் பக்கம் நின்றது. எதிர்த்து ஓர் ஓட்டுகூட விழவில்லை. ஆட்டோ எந்தக் கேள்விக்கும் 'ஆம்' என்றுதான் பதில் சொல்லும். கரடி தேனடைக்குள் தலையை விட்டிருந்தபோது ஓட்டுப் போட்டது. சென்னியப்பன் ஓட்டுப் போட்டபோது ஓட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்.

புகார் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருந்த தலைமை அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து மறுநாளே தீர்ப்பு வந்துவிட்டது. அதில் இப்படி எழுதியிருந்தது:

'மரநாய் அர்த்தநாரி எந்நேரமும் விழித்திருக்கிறார். ஒருமுறைகூட ஆட்டோவை அமுக்கியதில்லை. அகழியில் விழுந்ததில்லை. எங்கள் ஆட்டக்காரர்கள் யாரைப் போலவும் இவர் நடந்துகொள்ளவில்லை. ஆகவே இவர் உயிருள்ள பிராணி அல்ல என்று முடிவு செய்து நீக்குகிறோம்.'

பாவாயி அதைப் படித்துவிட்டுத் துள்ளினாள். முக்கியமாக 'நீக்குகிறோம்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மற்றதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

அன்றைக்கே படையைத் திரட்டிக் கிளம்பினாள். வழக்கம்போலக் கிழக்கு மதிலில் ஏணி வைத்தாள். எண்ணெய் ஊற்றவில்லை. ஏறினாள். மேலே யாரும் இல்லை. ஆறிப்போன கொப்பரைகள் மட்டும் இருந்தன. படியிறங்கி முற்றத்துக்குப் போனாள். கோட்டை காலியாக இருந்தது. கொடியில் 'பாவாயி' என்று பெயர் ஏறியது. எத்தனையோ வருடம் அவள் கனவில் பார்த்த கொடி. மேற்குப் பக்கத்தில் காட்டெருமையின் படை அகழிக்குள் விழுகிற சத்தம் தொப்பு தொப்பு என்று கேட்டது.

வாழ்த்துகள் வந்தன. காட்டில் இருந்த அத்தனை பேரிடமிருந்தும் ஒரே நொடியில் வந்தன. எல்லாவற்றிலும் 'வாழ்துகள்' என்று ஒரே எழுத்துப்பிழை இருந்தது.

மறுநாள் ஓடைக்குப் போனபோது பாவாயி கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனாள். வரிசையில் முன்னால் நின்ற மந்தி திரும்பிப் பார்த்தது.

"என்னங்க்கா, மொகம் பளிச்சுன்னு இருக்குது?"

"கோட்டையப் புடிச்சுட்டேன்."

"எந்தக் கோட்டை?"

பாவாயி தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கோட்டையைக் காவல் காத்தாள். எண்ணெயைச் சூடாக வைத்திருந்தாள். மதிலின் நான்கு பக்கமும் ஆளை நிறுத்தினாள். சாப்பிடும்போதும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மேற்கே அகழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, வேறு எந்தப் பக்கமும் யாரும் வரவில்லை. ஒருநாள் எண்ணெய் வீணாகிறதே என்று சும்மா ஊற்றிப் பார்த்தாள். கீழே புல் மட்டும் கருகியது.

அவளுக்கு யாராவது தன்மேல் கோபப்பட்டால் தேவலை போல இருந்தது. அந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் காட்டில் ஒருவர்தான் இருந்தார். ஒருநாள் காலையில் இலுப்பை மரத்தை நோக்கி நடந்தாள். போகிற வழியெல்லாம் பதில்களைத் தயார் செய்துகொண்டே போனாள். 'என்மேல எதுக்குக் கோவப்படறீங்க, மெசின் வெச்சது நீங்கதானே' என்பது அதில் முதல் பதில்.

பொந்தின் வாசலில் அர்த்தநாரியின் மனைவி நாச்சாயி இலுப்பைப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து முள்ளைப் பார்த்தாள்.

"நீங்கதான் புகார் குடுத்த பாவாயிங்களா?"

"ஆமா, நான்தான்" என்றாள் பாவாயி, முள்ளைச் சற்றே சிலிர்த்துக்கொண்டு.

"உள்ள வாங்க. நல்லா இருப்பீங்க நீங்க. எங்கூட்டுக்காரரு இப்பத்தானுங்க தூங்கறாரு. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அவரு கண்ணு மூடி நான் பார்த்ததில்ல. முந்தாநாள் என்ர மொகத்தப் பார்த்து, உனக்கு எப்ப மீசை நரைச்சுதுன்னு கேட்டாரு."

பேச்சுச் சத்தம் கேட்டு அர்த்தநாரி வெளியே வந்தார். மெலிந்த மரநாய். கண்ணைச் சுற்றிக் கருவளையம் இன்னும் போகவில்லை. பாவாயி தன் முதல் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அந்தக் கெழக்கு மதில் ஏணி நீங்கதானுங்களா?" என்று அவர் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

பாவாயி தலையை மட்டும் ஆட்டினாள்.

"எப்பவும் ரெண்டு ஏணி வெப்பீங்க. முதல் ஏணில நாலஞ்சு பேரை ஏத்தி வுட்டுட்டு, எண்ணெய் அங்க ஊத்தறப்ப ரெண்டாவதுல ஏறுவீங்க. நல்ல யோசனைங்க அது. ஒருதடவை பனி பெய்யறப்ப வந்தீங்களே, அன்னைக்கு நான் நெம்பப் பயந்துட்டேன். இன்னொரு ஏணி வெச்சிருந்தீங்கன்னா கோட்டை உங்களுதுதான்."

பாவாயிக்கு அந்தப் பனிநாள் நினைவிருந்தது. அன்றைக்கு அவள் அழுதுகொண்டே படுத்தாள். அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை.

"மெசின் எங்கீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"மெசினா?"

அர்த்தநாரி உள்ளே போய்த் தன் போனை எடுத்துவந்து காட்டினார். கண்ணாடி கீறல் விழுந்த பழைய போன். ஆட்டத்தைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. பிறகு தன் முன்னங்காலை நீட்டினார். விரல் தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது.

"கையாலயா ஆடினீங்க? எல்லா நேரமும் முழிச்சுட்டா?"

"கோட்டைய வெச்சுட்டுத் தூங்க முடியுங்களா? நீங்க எப்ப வருவீங்கன்னு எனக்குத் தெரியாதல்லோ."

"நான் ஒருத்தி மட்டுமா வந்தேன்? காடே சண்டைக்கு வந்துட்டுத்தானே இருந்துச்சு."

"அவங்கெல்லாம் அகழிக்கு வந்தாங்க" என்றார் அர்த்தநாரி. "மதிலுக்கு வந்தது நீங்க ஒருத்தருதானுங்க."

பாவாயியின் முள்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. பொந்தின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாச்சாயி ஒரு தொன்னையில் பழம் கொண்டுவந்து வைத்தாள்.

"என்மேல உங்களுக்குக் கோவம் இல்லீங்களா?"

"கோவமா? புகார்னு தாள் வந்தப்ப சந்தோசமா இருந்துச்சுங்க. இத்தனை வருசம் நான் ஜெயிச்சுட்டு இருக்கறதை ஒரு சீவன் கவனிச்சிருக்குதே. நாச்சாகிட்டக்கூடக் காட்டினேன்."

"காட்டினாரு" என்றாள் நாச்சாயி. "பொந்துல ஒட்டி வெக்கலாம்னாரு. நான்தான் வேண்டாம்னேன்."

பாவாயி எழுந்து நேராக அருவிக்குப் போனாள். தீர்ப்பு தப்பு, அவர் ஏமாற்றவில்லை, அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வஞ்சிக்கொடியிடம் சொன்னாள்.

"மேல்முறையீட்டை அவர் தன் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும்" என்றாள் வஞ்சிக்கொடி.

"அவர் கணக்கைத்தான் மூடிட்டீங்களே."

"மூடிய கணக்கைத் திறக்க மேல்முறையீடு செய்ய வேண்டும்."

பாவாயி சாளரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் யாரும் இல்லை. வஞ்சிக்கொடி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. மேல உக்காந்து தீர்ப்பு சொல்றதும் ஒரு மெசின்தானுங்க. கையால ஆடறவங்களைக் கண்டா அதுக்கு ஆகறதில்ல. புதுப் பேர்ல கணக்குத் தொடங்கி ஆடச் சொல்லுங்க. நீங்களும் அப்பப்ப ஆட்டோவை அமுக்கிக்கங்க. நாலு தடவை அகழில விழுந்தா நல்ல பேரு." பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றாள்.

பாவாயி மறுபடி இலுப்பை மரத்துக்கு ஓடினாள். புதுக் கணக்குத் தொடங்குங்கள், கோட்டை காத்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் எந்த நேரம் வந்தாலும் நான் எண்ணெயோடு நிற்பேன் என்றெல்லாம் சொன்னாள். அர்த்தநாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார். இதே கொட்டாவியைப் பாவாயி குளத்தங்கரையிலும் கிளையடியிலும் பார்த்திருக்கிறாள்.

"வேண்டாமுங்க. தூக்கம் நல்லா ருசியா இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பாவாயி வாசலிலேயே நின்றாள். திரும்பிப் போனால் காலிக் கோட்டைதான். அதை நினைத்தால் கால் எழவில்லை.

"இதென்னமோ பெரிய வித்தைங்கற மாதிரி ரெண்டு பேரும் பேசறீங்க" என்றாள் நாச்சாயி. கையைத் துடைத்துக்கொண்டு, கிடந்த போனை எடுத்தாள். "இத்தனை வருசம் நானும் பக்கத்துல உக்காந்து பார்த்துட்டுத்தானே இருந்தேன். கெழக்கால ஏணி வருதுன்னு முதல்ல பாக்கறதே நான்தான். வேற ஒண்ணு சொன்னேன், அதை இவரு கேட்டதே இல்ல."

"என்ன சொன்னீங்க?"

"அதை எதுக்கு உங்ககிட்டச் சொல்றேன்? கோட்டை இப்ப உங்களுதல்லோ. போங்க, போய்க் காவல் காத்துக்கங்க."

பாவாயி வேகமாக நடந்தாள். பாதி வழியில் ஓட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் நாச்சாயி என்ற புதுப்பெயர் ஆட்டத்தில் முளைத்தது. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் படை. கையில் மூங்கில் தடி, தலையில் தொப்பிகூடக் கிடையாது. பாவாயிக்குச் சிரிப்பு வந்தது. கிழக்கு மதிலில் எண்ணெயைத் தயாராக வைத்தாள். வடக்கிலும் தெற்கிலும் வில்லாட்களை நிறுத்தினாள். மேற்கே அகழி இருக்கிறது, அங்கே ஆள் தேவையில்லை.

நாச்சாயி கிழக்கே வரவில்லை. வடக்கே வரவில்லை, தெற்கேயும் வரவில்லை. நண்பகல் வரைக்கும் தன் ஆட்களை ஒரு பாறை நிழலில் உட்கார வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதற்குள் சென்னியப்பனின் படை வந்து அகழியில் விழுந்தது. கரடியின் படை விழுந்தது. காட்டெருமையின் படை, மந்தியின் படை, மயிலின் பட்டுடுத்திய படை எல்லாம் விழுந்தன. விழுந்தவர்கள் பொழுது சாய்கிறவரைக்கும் அங்கேயேதான் கிடப்பார்கள். அகழி மேடு தட்டியது.

அப்போது நாச்சாயியின் மூங்கில் தடிக்காரர்கள் எழுந்து, அந்தத் தொப்பிகளின் மேலே பாலத்தில் நடப்பதுபோல நடந்து, காவலில்லாத மேற்கு மதிலை ஏறி உள்ளே இறங்கினார்கள்.

பாவாயி பார்த்தபோது அவர்கள் முற்றத்தில் நின்றார்கள். அவள் மூன்று பக்கத்து ஆட்களையும் இறக்கினாள். படிக்கட்டில் சண்டை, கிணற்றடியில் சண்டை, கொடிமரத்தைச் சுற்றிச் சண்டை. பாவாயி கிழங்கை மறந்தாள், தாகத்தை மறந்தாள். அவள் முதுகு முள்ளெல்லாம் சலசலவென்று சத்தம் போட்டது. இலுப்பைப் பொந்தில் நாச்சாயி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். தூங்குவதாகச் சொன்ன அர்த்தநாரி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "கெணத்துக்குப் பின்னால பாரு நாச்சா, ரெண்டு பேரு வர்றாங்க" என்றார்.

"வாயை மூடிட்டுத் தூங்குங்க" என்றாள் நாச்சாயி. சொல்லிவிட்டுக் கிணற்றுக்குப் பின்னால் பார்த்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கொடி இறங்கியது. 'நாச்சாயி' என்ற பெயர் ஏறியது.

பாவாயி போனைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கியது. அத்தனை வருட ஆட்டத்தில் இவ்வளவு நன்றாக அவள் ஆடியதில்லை, இவ்வளவு மோசமாகத் தோற்றதும் இல்லை. தனக்குள் சிரித்துக்கொண்டே ஒரு பெரிய கிழங்கை முழுசாகத் தின்றாள். நாளைக்கு எந்தப் பக்கம் ஏணி வைக்கலாம், மேற்கே தானும் தொப்பிப் பாலத்தில் போகலாமா என்று யோசித்துக்கொண்டே படுத்தாள். கண்ணை மூடும்போது இன்னொரு யோசனையும் வந்தது. முதல் நாளிலேயே ஒருத்தி இப்படி ஆட முடியுமா?

விடிந்ததும் அருவிக்குப் போனாள். அவளுக்கு முன்னால் ஏற்கெனவே ஒருத்தி டோக்கனோடு நின்றிருந்தாள். நாச்சாயி.

"என்னங்க நீங்க இங்க?" என்றாள் பாவாயி.

"ஒரு முள்ளம்பன்றி கெணத்தடில அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியாதுங்க. அதுல ஏதோ மெசின் இருக்குது" என்றாள் நாச்சாயி. "நீங்க?"

"உங்க மேலதானுங்க."

"சரி, நில்லுங்க. எனக்கப்பறம் நீங்க."

இருவரும் ஒழுங்காக வரிசையில் நின்று, ஒருவர் மேல் ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார்கள். எழுதும்போது நாச்சாயி, "முற்றம்னு எழுத எந்த 'ற' போடோணும்?" என்று கேட்டாள். பாவாயி சொல்லிக்கொடுத்தாள். பிறகு கிணற்றடிச் சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருவரும் சேர்ந்து திரும்பிப் போனார்கள்.

வஞ்சிக்கொடி இரண்டு தாளையும் படித்தாள். இதை மேலே அனுப்பினால் காடே தூக்கத்தில் 'ஆம்' என்று சொல்லும். இரண்டு பேரையும் மறுநாளே நீக்கிவிடுவார்கள். அதற்கு இரண்டு முத்திரை குத்த வேண்டும், இரண்டு உறை ஒட்ட வேண்டும், ஆற்றைத் தாண்டி ஒருமுறை பறக்க வேண்டும். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அடைகாக்கும் காலம். அவள் தாள்களை அலகால் நீள நீளமாகக் கிழித்துக் கூட்டில் பரப்பி, அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று யாருமில்லாத வரிசையைப் பார்த்துச் சொன்னாள். அன்று அவள் சொன்னது உண்மையாகவே இருந்தது.

நீதி: நல்ல எதிரி கிடைத்தால் உடனே புகார் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நம்மை யாரும் கவனிக்கவில்லையே என்று அவர் மனம் ஒடிந்துபோவார். அந்தப் புகாரை வாங்குகிற அதிகாரி மட்டும் சோம்பேறியாக இருக்க வேண்டும்.